முழங்கைக்கு ஒரு பேட்டரி

கல்யாண மண்டபத்தில் மேடைக்குக் கீழே நிற்கும் போட்டோகிராபரின் கேமரா சில சமயம் வழக்கத்தைவிட உயரமாகத் தெரியும். அடிப்பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ‘பெரிய கேமரா’. பேசிய தொகைக்குத் தகுந்த ஆள்தான் வந்திருக்கிறார் என்று பெண் வீட்டாருக்கும் ஒரு நிம்மதி. சமீபத்தில் ஒரு வரவேற்பில், முதல் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் நடுவே, அந்தப் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அடியில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் சில சுற்று சுற்றினார், பெட்டி தனியாக வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு பேட்டரி. மிச்சமெல்லாம் பிளாஸ்டிக், கொஞ்சம் காற்று.

“பாதி டப்பா காலிதான் சார். ஆனா இது இல்லாம நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்” என்றார்.

பேட்டரி கிரிப் என்று பெயர். பெயரிலேயே பேட்டரி முன்னால் நிற்பதால், மொபைலுக்குப் பவர் பேங்க் மாதிரி கேமராவுக்கு இது என்று நினைத்துவிடுகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேனான் 5டி மார்க் 3 கேமராவில் போடும் எல்பி-ஈ6 பேட்டரி 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் சுமார் 13 வாட் மணி. இதை வைத்து ஏறத்தாழ 950 படம் எடுக்கலாம் என்பது, ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கம் வகுத்த சோதனை முறைப்படி கிடைத்த எண். 23 டிகிரி வெப்பத்தில், 30 விநாடிக்கு ஒரு படம் என்று நிதானமாக எடுத்துப் பார்க்கிற சோதனை அது. தாலி கட்டும் நேரத்தில் யாரும் 30 விநாடி காத்திருப்பதில்லை. படபடவென்று தொடர்ந்து எடுத்தால் அதே பேட்டரி இன்னும் நிறையப் படம் தரும். தீர்ந்துவிட்டாலும் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாற்றப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடிக்காகவா இந்தப் பெட்டி?

மின்சாரத்துக்காகவே கிரிப் வாங்கிய காலமும் ஒன்று இருந்தது. ஆனால் அங்கே பேச்சு அளவைப் பற்றியதல்ல, அழுத்தத்தைப் பற்றியது. 2008இல் வந்த நிகான் டி700 தனியாக விநாடிக்கு 5 படம் எடுக்கும். அதன் எம்பி-டி10 கிரிப்பை மாட்டி, கேமராவுக்குள் இருக்கும் அதே ரகப் பேட்டரியை அதிலும் போட்டால், அப்போதும் 5 படம்தான். அதை எடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் செல் எட்டைப் போட்டால் விநாடிக்கு 8 படம்! விலை உயர்ந்த லித்தியம் பேட்டரியால் முடியாததைப் பெட்டிக்கடைச் செல் செய்தது எப்படி?

குழந்தைகளின் பொம்மைக் காரைக் கவனித்திருப்பீர்கள். செல் இறங்க இறங்க கார் மெதுவாகப் போகும். நேர்மின் மோட்டாரின் குணம் அது. வோல்ட் குறைந்தால் சுழற்சி குறையும், கூடினால் வேகமெடுக்கும். டி700க்குள் இருப்பதும் மோட்டார்தான். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு கண்ணாடி மேலே எழ வேண்டும், ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும், கண்ணாடி கீழே இறங்க வேண்டும், ஷட்டரின் சுருள்வில்லை மறுபடி முறுக்கி வைக்க வேண்டும். விநாடிக்கு 5 படம் என்றால் இத்தனைக்கும் சேர்த்து 200 மில்லி விநாடி இருக்கிறது. 8 படம் என்றால் 125தான். கண்ணாடி கீழே இருக்கும் நேரத்தில்தான் ஃபோகஸ் உணரி பார்க்க முடியும் என்பதால், அந்த 125க்குள் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டாக வேண்டும்.

கேமராவின் சொந்தப் பேட்டரி இரண்டு லித்தியம் செல்களைத் தொடராகக் கோத்தது, 7.4 வோல்ட். பென்சில் செல் ஒன்று 1.5 வோல்ட், எட்டைக் கோத்தால் 12. நிகானின் பெரிய தொழில்முறை கேமராக்களுக்கான ஈஎன்-ஈஎல்4ஏ பேட்டரியில் மூன்று லித்தியம் செல், 11.1 வோல்ட். கிரிப்பில் அதைப் போட்டாலும் 8 படம் கிடைத்தது. அப்படியானால் சின்னப் பேட்டரி இரண்டையும் சேர்த்து 14.8 வோல்ட் கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கிரிப் அப்படிக் கோப்பதில்லை. எதை முதலில் செலவழிப்பது என்று மெனுவில் சொல்லிவிட்டால், ஒன்று தீர்ந்தபின் மற்றதுக்குப் போகும். 2017இல் வந்த டி850 வரை இந்தக் கதை தொடர்ந்தது. தனியாக 7 படம், கிரிப்பில் 10.8 வோல்ட் பேட்டரியைப் போட்டால் 9.

நேரடியாக இணைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறைந்த பேட்டரியையும் பாதி தீர்ந்ததையும் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டினால், நிறைந்ததிலிருந்து குறைந்ததுக்கு மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் பாயும். லித்தியம் விஷயத்தில் இது விளையாட்டல்ல. அதனால்தான் இரட்டைப் பேட்டரி கிரிப்புக்குள், போன மின்சாரம் திரும்பி வராதபடி தடுக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. மலிவு கிரிப்புக்கும் நல்ல கிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்.

பேட்டரி கூடுதலாக இருப்பது குளிரில் நிஜமாகவே உதவும். லடாக்கின் அதிகாலையில் பேட்டரிக்குள் அயனிகள் மந்தமாக நகரும், உள்தடை ஏறும். கேமரா ஒரு படம் எடுக்கக் கொஞ்சம் மின்சாரத்தை இழுத்ததும் வோல்ட் சரிந்துவிடும். கேமரா அதைப் பார்த்து ‘பேட்டரி காலி’ என்று அறிவித்துவிடும். உண்மையில் காலியில்லை. உள்சட்டைப் பையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றினால் மறுபடி உயிர் வரும். ஒன்றை மாட்டி இன்னொன்றைச் சட்டைக்குள் வைத்திருப்பதுதான் அங்கே வழக்கம். அதற்குக்கூடக் கிரிப் அவசியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் காலம். 2021இல் வந்த நிகான் இசட்9இல் இயந்திர ஷட்டர்கூடக் கிடையாது. முறுக்க வில்லும் இல்லை, தூக்கக் கண்ணாடியும் இல்லை. கூடுதல் வோல்ட் தேடிய பழைய காரணம் பாதிக்கு மேல் செத்துவிட்டது. ஆனால் அதே இசட்9ஐப் பாருங்கள்: அடியில் கிரிப் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. ஏன்?

விடை முழங்கையில் இருக்கிறது. கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்போது வலது முழங்கை விலாவில் ஒட்டி நிற்கும், பாரத்தை உடம்பு தாங்கும். நிற்கும் மனிதரை முழுதாக எடுக்கக் கேமராவை நிமிர்த்தினால், வலது கை மேலே போய், முழங்கை கோழி இறக்கை மாதிரி வெளியே விரிந்துவிடும். இப்போது ஒன்றரைக் கிலோ லென்ஸின் பாரத்தில் ஒரு பங்கு அந்தரத்தில் நிற்கும் தோள் தசையின் மேல். பாரம் தாங்கும் தசை சும்மா இருக்காது, விநாடிக்கு 8 முதல் 12 முறை நுணுக்கமாக நடுங்கும். அசதி ஏற ஏற நடுக்கத்தின் வீச்சும் ஏறும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஷட்டர் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்த நடுக்கம் படத்தில் பதிய அது தாராளமான நேரம். கிரிப்பின் மூலையில் இன்னொரு ஷட்டர் பொத்தான் இருக்கிறது, பக்கத்தில் சுழற்றும் சக்கரங்கள். கேமராவை நிமிர்த்தியபின் கை மேலே போக வேண்டியதில்லை. முழங்கை மறுபடி விலாவுக்கு வந்துவிடும். கூடிய எடைகூட ஒருவகையில் நல்லதே. கனமான பொருளைச் சின்ன நடுக்கம் அவ்வளவு எளிதில் அசைக்காது. (அந்த எடையை ஆறு மணி நேரம் கழுத்தில் மாட்டித் திரிகிறவரிடம் இந்தத் தத்துவத்தைச் சொல்லிப் பாருங்கள்.)

நிகான் ஒருமுறை இதைத் தெரியாத்தனமாகச் சோதித்துப் பார்த்தது என்றே சொல்வேன். 2018இல் வந்த இசட்6, இசட்7 கேமராக்களுக்கு எம்பி-என்10 என்ற பெட்டி வந்தது. இரண்டு பேட்டரி போடலாம். ஷட்டர் பொத்தான் இல்லை, சக்கரம் இல்லை, எதுவுமே இல்லை. பேட்டரி மட்டும்தான் பேட்டரி கிரிப் என்றால் இது குறையற்ற கருவி. கேமராக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 2020இல் அடுத்த தலைமுறை கேமராக்களோடு வந்த எம்பி-என்11இல் பொத்தானும் சக்கரங்களும் திரும்பி வந்துவிட்டன. கேனான் எதிர்த்திசையில் போனது. கைக்கடக்கமான ஈஓஎஸ் ஆர்பி கேமராவுக்குப் பேட்டரியே இல்லாத அடிக்கட்டை ஒன்றை விற்றது. பிடிக்க இடமில்லாமல் தொங்கும் சுண்டுவிரலுக்காக, அவ்வளவுதான்.

கிரிப்பை ட்ரைபாடில் வைப்பது எனக்குப் பிடிக்காது. கேமராவையும் கிரிப்பையும் இணைப்பது ஒற்றைத் திருகுதான். நீண்ட எக்ஸ்போஷரில் அந்த மூட்டின் சின்ன அசைவும் படத்தில் தெரியும். அதே திருகு எனக்கு ஒருமுறை பாடம் கற்பித்தது. ஒரு நலங்கில், மலிவாக வாங்கிய கிரிப்போடு சுற்றிக்கொண்டிருந்தேன். நடந்து நடந்து திருகு கால் சுற்றுத் தளர்ந்திருக்கிறது. உள்ளே மின்தொடர்பு ஊசிகள் விட்டு விட்டுத் தொட, கேமரா அணைந்து அணைந்து எரிந்தது. பேட்டரிதான் போச்சு என்று மூன்று பேட்டரி மாற்றினேன். கடைசியில் இறுக்கியதும் சரியாகிவிட்டது. அதற்குள் மஞ்சள் பூசி முடித்திருந்தார்கள்.

மண்டபத்துப் போட்டோகிராபரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவருடைய தொல்லை வேறு. கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்போது உள்ளங்கை கிரிப் பொத்தானில் பட்டு, தானாகப் படம் விழும். அதற்காகவே பக்கத்தில் ஒரு பூட்டு விசை வைத்திருக்கிறார்கள். பூட்டினால் திறக்க மறந்துவிடுகிறாராம். திறந்தால் பூட்ட மறந்துவிடுகிறாராம். அன்று மாலை எடுத்ததைத் திரையில் ஓட்டிக் காட்டினார். மாப்பிள்ளை அழைப்புக்கும் மாலை மாற்றலுக்கும் நடுவே, வரிசையாக, துல்லியமான ஃபோகஸில், மண்டபத்துத் தரையும் யாரோ ஒருவரின் செருப்பும்.