தபாலில் வந்த விண்வெளி

1989 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 2 நெப்டியூனை நெருங்கிக் கடந்தது. நாளிதழில் நாலு வரி வந்திருக்கும். விவரமும் படமும் திருவொற்றியூர் ஆசிரியர் ஒருவர் கைக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான் 3இன் விக்ரம் தரையிறங்கி நிலவில் இறங்கியதை அதே ஊர்ப் பிள்ளைகள் அந்த நொடியிலேயே கைபேசியில் பார்த்தார்கள்.

அன்று விண்வெளி தபாலில்தான் வந்தது. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள பசிபிக் வானியல் கழகம் 1984 முதல் ஆசிரியர்களுக்கென்றே 'தி யுனிவர்ஸ் இன் த கிளாஸ்ரூம்' என்ற மடலை இலவசமாக அனுப்பிவந்தது. பெங்களூரிலிருந்து இஸ்ரோவின் 'ஸ்பேஸ் இந்தியா' இதழ் வெளிவந்தது. அதைக் கேட்டு 15 பைசா அஞ்சலட்டையில் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. எண்ணூர் அனல்மின் நிலையத்திலும் அசோக் லேலண்டிலும் ஷிப்டு பார்த்தவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு இப்படி ஒரு மடல் வந்தால், வருவது ஒரே பிரதி. அதுவும் ஆங்கிலத்தில். ஆசிரியர் முதலில் தாம் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு வகுப்புக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987இல் வந்த பிறகுதான் பிள்ளையின் கையிலேயே நேராகக் கொடுக்க ஓர் இதழ் கிடைத்தது. அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்; ஆனாலும் ஒரு பிரதி பல வீடுகளுக்குப் போகும்.

விண்வெளியைத் தமிழில் சொல்லும் இந்த வேலைக்குச் சென்னையில் இன்னும் பழைய முன்னோடி உண்டு. 1874 டிசம்பர் 9 அன்று நிகழவிருந்த வெள்ளி இடைமறிப்பை, அதாவது சூரியனின் முகப்பை வெள்ளி கடப்பதை, பொதுமக்களுக்கு விளக்க, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு சிறு நூல் எழுதினார்.  அடுத்த இணை இடைமறிப்புகள் 2004, 2012 ஆண்டுகளில் வந்தபோது அதே பாடத்தை ஆசிரியர்கள் மறுபடி எடுத்தார்கள்.

இன்று மடல்களுக்குப் பஞ்சமில்லை. பிளானட்டரி சொசைட்டி என்ற விண்வெளி ஆர்வலர் அமைப்பின் 'டவுன்லிங்க்' வாரந்தோறும் மின்னஞ்சலில் வருகிறது. அரசுப் பள்ளிகளுக்கு 2022 முதல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு', ஆசிரியர்களுக்குக் 'கனவு ஆசிரியர்' என்று தமிழிலேயே இதழ்கள் கிடைக்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டமும் தொடங்கியது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாயமாக நான் நினைப்பது வேறொன்று. அன்றைய மடல்களில் இருந்தவை பெரும்பாலும் அயல்நாட்டுப் பெயர்கள். இன்றோ நம்மவர் பெயர்களும் வருகின்றன. சந்திரயான் 3 திட்ட இயக்குநராக இருந்த ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். அங்குள்ள ரயில்வே பள்ளியில் படித்தவர். 1856இல் ரயில் வந்த ராயபுரத்தில், ரயில்வே குடும்பத்துப் பிள்ளை ஒருத்திக்கு அந்தச் செய்தி எவ்வளவு பக்கத்தில் இருக்கும்!

போனதும் உண்டு. ஒற்றைப் பிரதியைச் சுற்றி ஒரு வகுப்பே கூடியது. இப்போது ஆளுக்கொரு திரை, திறக்கப்படாத மின்னஞ்சல்கள் வேறு. காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் மணலி ஆலைகளும் இரவெல்லாம் எரிக்கும் விளக்குகளில் பால்வீதி மறைந்துவிட்டது. வியாழன், சனி போன்ற பிரகாசமானவை மட்டும் இன்னும் தெரிகின்றன.

ஸ்ரீஹரிகோட்டா எண்ணூரிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். ராக்கெட் ஏறுவதை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது அன்றும் இருந்தது. 2019 முதல் அங்கேயே பார்வையாளர் மாடம் திறந்திருக்கிறது. இணையத்தில் பதிந்தால் இலவசமாகப் போகலாம். அந்தப் பதிவு எப்போது திறக்கிறது என்று கவனித்து, வகுப்புக்குப் பெயர் கொடுக்க இன்றும் ஓர் ஆசிரியர் வேண்டும்.