ஒரு போர்டு, இரண்டு சப்ளை: அன்றும் இன்றும்

ஆர்டுயினோவின் பழைய போர்டுகளைக் கையாண்டவர்களுக்கு அந்த மூன்று பின்கள் மறந்திருக்காது. யுஎஸ்பி சாக்கெட்டுக்கு அருகே வரிசையாக நிற்கும். அவற்றில் இரண்டை மட்டும் சேர்த்துப் பிடிக்க நகத்தளவு பிளாஸ்டிக் ஜம்பர் ஒன்று. யுஎஸ்பி பக்கத்து இரண்டில் செருகினால் கணினியிலிருந்து மின்சாரம் வரும். பிடுங்கி அடுத்த பக்கம் செருகினால் அடாப்டரிலிருந்து வரும். மாற்ற மறந்தால் பச்சை விளக்கு எரியாது, போர்டு போய்விட்டது என்றே புதியவர்கள் பயப்படுவார்கள்.

ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே கையால் திருப்பும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் செய்யும் வேலையைத்தான் அந்த ஜம்பர் செய்தது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அது உட்காராது. அதனால் இரண்டு சாக்கெட்டிலும் ஒயர் இருந்தாலும் ஒரு சப்ளை இன்னொன்றோடு மோத வழியில்லை. தொல்லை பிடித்த ஏற்பாடுதான். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவன் ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆகவேண்டும்.

2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ, 2007-இல் வந்த டியெச்சிமிலா வரை ஜம்பரை விடவில்லை. அடுத்து வந்த டுவெமிலாநோவே தானே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. 2010-இன் ஊனோவும் அப்படியே. ஊனோவுக்குள் நடப்பது அழகான வேலை: அடாப்டர் வழியே வரும் மின்னழுத்தத்தை இரண்டு ரெசிஸ்டர்கள் பாதியாக்கும், ஒரு கம்பாரேட்டர் அதை 3.3 வோல்ட்டோடு ஒப்பிடும். பாதி அதைவிட அதிகம் என்றால், அதாவது உள்ளே வருவது 6.6 வோல்ட்டைத் தாண்டினால், ஒரு மாஸ்ஃபெட் யுஎஸ்பி வழியை அடைத்துவிடும். நான்கு பென்சில் பேட்டரி போட்ட 6 வோல்ட் பெட்டியைச் செருகிவிட்டு, யுஎஸ்பியும் இருக்கும்போது பேட்டரியில்தான் ஓடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை; அந்த எல்லையை எட்டாததால் அப்போது ஓடுவது கணினியின் மின்சாரத்தில்.

இந்தக் காவல் அடாப்டர் சாக்கெட்டுக்கும், அதே பாதையில் சேரும் விஇன் பின்னுக்கும் மட்டும்தான். 5 வோல்ட் பின்னுக்குக் காவல் கிடையாது. அதில் வெளியிலிருந்து நேராக 5 வோல்ட் கொடுத்துவிட்டு, புரோகிராம் மாற்ற யுஎஸ்பியையும் செருகினால், கம்பாரேட்டர் எதையும் பார்ப்பதில்லை. மாஸ்ஃபெட் திறந்தே இருக்கும். இரண்டு '5 வோல்ட்' சப்ளைகள் ஒருபோதும் சரியாகச் சமமாக இருப்பதில்லை. ஒன்று 5.1, இன்னொன்று 4.9 என்றால், கூடுதலாக இருப்பது குறைவாக இருப்பதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். அது கணினியின் போர்ட்டுக்குள்ளும் போகலாம். வழியில் இருக்கும் 500 மில்லி ஆம்ப் பாலிஃபியூஸ் பெரிய மின்னோட்டத்தை மட்டுமே தடுக்கும், அதுவும் சூடேறிய பிறகு. ஜம்பர் காலத்திலும் அந்தப் பின் திறந்துதான் கிடந்தது. ஆனால் அன்று வேலைகள் பெரும்பாலும் மேஜையைத் தாண்டவில்லை. இன்று மொட்டைமாடித் தோட்டத்தில் லித்தியம் பேட்டரியில் மண்ணின் ஈரம் அளக்கிற போர்டுக்கு, புரோகிராம் மாற்ற லேப்டாப்பை எடுத்துப்போய்ச் செருகுகிறோம். இரண்டு சப்ளை சந்திப்பது அன்றாட விஷயமாகிவிட்டது.

2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ இதை நேர்மையாகக் கையாள்கிறது என்பேன். யுஎஸ்பிக்கும், போர்டுக்கு மின்சாரம் ஏற்கும் விசிஸ் பின்னுக்கும் நடுவே ஒரு ஷாட்கி டயோடு. மின்சாரம் உள்ளே வரும், யுஎஸ்பிக்குத் திரும்பாது. வெளி பேட்டரியையும் இன்னொரு ஷாட்கி வழியாக விசிஸ்ஸில் கொடுத்தால், எது உயர்ந்த மின்னழுத்தமோ அது போர்டை ஓட்டும், மற்றது சும்மா இருக்கும். டயோடில் ஏறக்குறைய 0.3 வோல்ட் இழப்பு உண்டு. அதுவும் வேண்டாம் என்பவர்கள் டயோடுக்குப் பதில் பி-சேனல் மாஸ்ஃபெட் வைத்து, யுஎஸ்பி வந்ததும் பேட்டரி துண்டிக்கப்படும்படி செய்யலாம். பிக்கோவின் ஆவணமே இரண்டு வழிகளையும் படம் போட்டுக் காட்டுகிறது.

இஎஸ்பி32 டெவ்கிட்-சி என்ற போர்டின் ஆவணம் வேறு மாதிரி: யுஎஸ்பி, 5 வோல்ட் பின், 3.3 வோல்ட் பின் மூன்றில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள், மீறினால் போர்டோ சப்ளையோ பழுதாகலாம் என்று எச்சரித்து நிறுத்திக்கொள்கிறது. அங்கே ஜம்பரின் வேலை மறுபடி நம் கைக்கே வந்துவிடுகிறது.

ஆகவே புதிய போர்டு வாங்கினால் அதன் சர்க்யூட் படத்தில் யுஎஸ்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே டயோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊனோவுக்கு வெளி சப்ளை 7 முதல் 12 வோல்ட் வரை, சாக்கெட் வழியாகவே கொடுங்கள்; விஇன் பின்னில் ஒயரை மாற்றிச் செருகினால் காப்பாற்ற அங்கே டயோடு இல்லை. போர்டோடு மோட்டாரும் ஓட்டினால் அதற்குத் தனி சப்ளை, கிரவுண்ட் மட்டும் பொது. 5 வோல்ட் பின்னில்தான் கொடுத்தாக வேண்டுமென்றால், அந்தச் சிவப்பு ஒயரில் ஒரு சின்ன சுவிட்ச் வையுங்கள். யுஎஸ்பியைச் செருகும் முன் அதை அணைத்துவிடுங்கள்.