மீளும் குருதியும் திசுக்காப்பும்

கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலுக்கு நீரே உயிர். அந்நீர் மடையுடைத்துப் பாய்ந்தால் வரப்பை அரித்து, வேரையும் பெயர்த்துவிடும். மனித உடலிலும் இதனையொத்த நிகழ்வு உண்டு. குருதியின்றித் தவித்த திசுவுக்கு மீண்டும் கிடைக்கும் குருதியோட்டமே அத்திசுவின் ஒரு பகுதியைச் சிதைக்கக்கூடும். இதனை 'மீள்குருதியோட்டச் சேதம்' எனலாம். மாரடைப்புச் சிகிச்சை, உறுப்பு மாற்று அறுவை ஆகிய இரண்டிலும் மருத்துவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் இது.

குருதி தடைப்படும்போது

இதயத் தசைக்குக் குருதி வழங்குபவை கரோனரி தமனிகள். அவற்றுள் ஒன்றைக் குருதிக்கட்டி அடைப்பதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். அடைப்பு ஏற்பட்டதும் தசைச் செல்களுக்கு ஆக்சிஜன் வருவது நின்றுபோகிறது. செல்லின் ஆற்றல் மூலமாகிய ஏ.டி.பி. குறைகிறது. ஆக்சிஜன் இன்றியே குளுக்கோசு சிதைக்கப்படுவதால் லாக்டிக் அமிலம் சேர்ந்து, செல்லில் அமிலத்தன்மை மிகுகிறது. ஆற்றல் குறைந்ததால் சோடியம், கால்சியம் அயனிகளை வெளியேற்ற இயலாமல் செல் தளர்கிறது. மைட்டோகாண்டிரியாவில் சக்சினேட் என்னும் பொருள் தேங்குகிறது. இந்நிலை நீடித்தால் செல் இறந்துவிடும். எனவே, கட்டியை மருந்தால் கரைத்தோ, பலூனால் விரித்து ஸ்டென்ட் பொருத்தியோ அடைப்பை விரைந்து நீக்குகின்றனர்.

குருதி மீளும்போது

குருதி மீண்டதும் ஆக்சிஜன் திடீரெனப் பெருகுகிறது. தேங்கியிருந்த சக்சினேட் மிக விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது எலக்ட்ரான்கள் வழிமாறி ஆக்சிஜனோடு சேர்வதால் சூப்பர்ஆக்சைடு முதலிய வினைவீரியம் மிக்க பொருள்கள் உருவாகிக் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றைத் தாக்குகின்றன. அதே வேளையில் செல்லின் அமிலத்தன்மையும் நீங்குகிறது. இது நன்மைபோலத் தோன்றும். ஆனால், மைட்டோகாண்டிரியச் சவ்விலுள்ள ஒருவகைத் துளை திறவாதபடி தடுத்துவந்தது அந்த அமிலத்தன்மையே. தடை நீங்கியதும், மிகுந்துவிட்ட கால்சியத்தின் தூண்டுதலால் துளை திறக்கிறது. மைட்டோகாண்டிரியா வீங்கிச் சிதைகிறது. பின்னர் வெள்ளணுக்களும் நுண்கட்டிகளும் நுண்குழாய்களை அடைப்பதால், தமனி திறந்தும் திசுவுக்குக் குருதி எட்டாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது.

காக்கும் முயற்சிகள்

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் மரி, ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரெய்மர் ஆகியோர் நாய்களிடம் ஓர் ஆய்வு மேற்கொண்டனர். தமனியை 5 நிமிடம் அடைத்துப் பின் 5 நிமிடம் திறந்தனர். இவ்வாறு நான்கு முறை செய்தபின் 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தனர். முன்பயிற்சி பெறாத இதயங்களோடு ஒப்பிட, இவற்றில் இறந்த தசையின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருந்தது. சிறு இடர்கள் பெரும் இடரைத் தாங்கும் திறனைத் தந்திருந்தன. எனினும், மாரடைப்பு முன்னறிவித்து வருவதில்லை. ஆதலால், அடைப்பு நீங்கியபின் செய்யத்தக்க வழி தேடப்பட்டது. 2003இல், தமனியைத் திறந்தவுடன் 30 நொடி ஓட்டம், 30 நொடி தடை என மூன்று முறை மாற்றிச் செய்தபோதும் நாய்களின் இதயத்தில் சேதம் குறைந்தது. மடையைச் சிறிது சிறிதாகத் திறக்கும் உழவரின் முறையை இது ஒத்தது.

கையில் குருதியழுத்தப் பட்டையை இறுக்கித் தளர்த்துவதன் வாயிலாகத் தொலைவிலுள்ள இதயத்தைக் காக்கலாம் என்ற கருத்தும் நம்பிக்கை அளித்தது. ஆனால், 5,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வில், இம்முறையால் இதய நோய் இறப்போ, இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் வென்ற ஒரு முறை நோயாளிக்கும் பயன்படும் என முன்கூட்டியே முடிவு செய்யலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

உறுப்பு மாற்று அறுவையில் நிலைமை வேறு. குருதி எப்போது நிற்கும், எப்போது மீளும் என்பது அங்கு முன்பே தெரியும். எனவே, கொடையாளரின் உறுப்பைக் குளிர்ந்த காப்புக் கரைசலால் கழுவி, 4 டிகிரி செல்சியசு அளவில் வைக்கின்றனர். குளிர்ச்சி செல்லின் ஆற்றல் தேவையைக் குறைக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான கரைசலில் குளூட்டாதயோன், அல்லோபியூரினால் முதலிய காப்புப் பொருள்களும் உள்ளன. இவ்வாறு வைக்கப்பட்ட சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். இதயமோ ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்கும்.

காலமே முதற்காப்பு

குருதி மீள்வதால் சேதம் உண்டாகும் என்பதற்காக அடைப்பை நீக்காமல் விடலாகாது. அடைப்பு நீடித்தால் அப்பகுதித் தசையில் பெரும்பகுதி இறக்கும். உரிய நேரத்தில் நீக்கினால் பெரும்பகுதி பிழைக்கும். அடைப்பு நீடித்த நேரம் குறையக் குறைய, மீளும் குருதியால் விளையும் சேதமும் குறையும். எனவே, ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும் வலியும் வியர்வையும் மூச்சுத்திணறலும் தோன்றினால், வாயுத் தொல்லை எனக் கருதிக் காத்திராமல் உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். மருத்துவர் செய்யவிருக்கும் திசுக்காப்பு, அருகிலிருப்பவர் எடுக்கும் அந்த முடிவிலிருந்தே தொடங்குகிறது.