மறைக்காத குறியே நல்ல குறி

கவுண்டர்-ஸ்ட்ரைக், வேலரண்ட் போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் திரையின் நட்டநடுவே ஒரு சிறு கூட்டல் குறி நிற்கும். கிராஸ்ஹேர் என்பது அதுதான். நிறம், நீளம், தடிமன், நடுவில் விடும் இடைவெளி, கறுப்பு ஓரம், மையப் புள்ளி என ஒவ்வொன்றையும் ஆடுபவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். உலகப் போட்டிகளில் ஆடும் ஒருவரின் குறியைச் சிறு குறியீட்டு வரியாக நகலெடுத்துத் தன் விளையாட்டில் ஒட்டிக்கொள்ளவும் இரண்டிலும் வசதி உண்டு. பலரைத் திசைதிருப்புவது இந்த வசதிதான் என்பது என் கருத்து. குறி யாருடையது என்பதில் ஒன்றுமில்லை. உங்கள் கண்ணுக்கு அது சட்டென்று தெரிய வேண்டும். எதிராளியின் தலையை மறைக்காமல் இருக்க வேண்டும்.

தலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? வேலரண்டில் முழுக் கவசம் அணிந்தவரின் உயிர்ப்புள்ளிகள் 150. வேண்டல் துப்பாக்கியால் தலையில் விழும் ஒரு குண்டு, எவ்வளவு தொலைவிலிருந்து சுட்டாலும் 160 புள்ளிகளைப் பறித்துவிடும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஏகே-47 வழக்கமான தூரங்களில் தலைக்கவசத்தையும் மீறி ஒரே குண்டில் ஆளை வீழ்த்தும். ஆனால் தொலைவில் நிற்பவரின் தலை திரையில் மிகச் சில பிக்சல்கள்தான். நீண்டு தடித்த குறியை அதன்மேல் வைத்தால், சுட வேண்டிய இடமே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதற்காக மிகவும் சுருக்கினாலும் ஆபத்துதான்: புகையும் வெளிச்சமும் கலந்த நெரிசலில் ஒற்றைப் புள்ளி தொலைந்துவிடும். நிறத்திலும் இதே கணக்குதான். டஸ்ட் 2 களத்தின் மணல் நிறச் சுவர்களில் மஞ்சள் குறி கரைந்துபோகும். காடு சூழ்ந்த ஏன்ஷியன்ட் களத்தில் பச்சை மங்கும். வேலரண்டில் எதிராளியைச் சுற்றி வழக்கமாகச் சிவப்புக் கோடு வருவதால், அங்கே சிவப்புக் குறியைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டிலும் பெரும்பாலான பின்னணிகளில் தனித்துத் தெரிவது வெளிர்நீலம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்கள் வேலரண்டில் எதிராளியைச் சுற்றி வரும் கோட்டின் நிறத்தையே மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாற்றிக்கொள்ள முடியும். செட்டிங்ஸில் அவர்கள் முதலில் தொட வேண்டியது அதைத்தான்.

ஓடும்போதும் சுடும்போதும் விரிந்து சுருங்கும் குறியை வைத்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும் என்பதை விரியும் குறி கண்முன் காட்டுகிறது. புதியவருக்கு அது நல்ல ஆசான். நின்று சுடும் பழக்கம் கைக்கு வந்தபின் அந்த அசைவு கவனத்தைக் கலைக்கத்தான் செய்யும். அனுபவசாலிகளில் பெரும்பாலோர் அசையாத குறிக்கு மாறுவது இதனால்தான்.

‘பெரிய வீரர்கள் அத்தனை பேரும் சிறிய குறிதானே வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்கலாம். தொடங்குவதற்கு அது நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் வீரர்கள் பலர் 4:3 அளவுப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து ஆடுகிறார்கள். அங்கே ஆட்களும் அகலமாகத் தெரிவார்கள், குறியும் அகலும். அதே எண்களை 1920×1080 திரையில் போட்டால் கிடைப்பது வேறு குறி. அதைவிட முக்கியமான ஒன்று: குறியை மாற்றுவதால் குண்டின் பாதை மாறுவதில்லை. அந்த வீரர்களின் திறமை, மூலையைத் திரும்பும் முன்பே குறியைத் தலை உயரத்தில் பிடித்திருப்பதில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை எந்தக் குறியீட்டு வரியாலும் நகலெடுக்க முடியாது.

‘அப்படியானால் எந்தக் குறியும் ஒன்றுதானே?’ என்பதும் சரியல்ல. தலை உயரத்தைப் பழகுவதற்கே கண்ணுக்குத் தெளிவான, நாளுக்கு நாள் மாறாத ஒரு குறி வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நிறத்தை மாற்றினால், தோற்றதன் உண்மையான காரணத்தைத் தேடவே மாட்டோம். பயிற்சிக் களத்தில் வெளிச்சமான சுவர், இருண்ட மூலை, தொலைதூர இலக்கு மூன்றிலும் உங்கள் குறியைச் சோதித்துப் பாருங்கள். மூன்றிலும் தெரிந்தால், அடுத்த சில வாரங்களுக்கு அந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்காதீர்கள்.