மஸ்டாங் 5.0: ஒரே கார், ஒரே பவர்... மாடிஃபை செய்பவர்கள் 1988-ஐ விட்டு 1989-ஐத் தேடுவது ஏன்?

இரண்டு ஃபோர்டு மஸ்டாங் கார்கள் பக்கத்து பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று 1988 மாடல், இன்னொன்று 1989. இரண்டிலும் அதே 5.0 லிட்டர் வி8 இன்ஜின். கம்பெனி சொன்ன பவரும் ஒன்றுதான்: 225 குதிரைத்திறன். வெளியே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் காரை வாங்கி இன்ஜினில் கை வைக்க நினைப்பவர்கள், இந்த இரண்டில் 1989-ஐத்தான் முதலில் பார்ப்பார்கள். அமெரிக்காவில் மஸ்டாங் பிரியர்கள் மத்தியில் பல வருடங்களாக இருக்கும் வழக்கம் இது. ஒரே வருடத்தில் அப்படி என்ன மாறிவிட்டது?

'ஃபாக்ஸ் பாடி' என்பது என்ன?

1979 முதல் 1993 வரை வந்த மஸ்டாங் கார்களை 'ஃபாக்ஸ் பாடி' என்று சொல்வார்கள். ஃபாக்ஸ் என்பது அந்த கார்களின் அடித்தளத்துக்கு ஃபோர்டு வைத்த பெயர். எடை குறைவு, முன்னால் வி8 இன்ஜின், பின்சக்கர இயக்கம், எளிமையான அமைப்பு. வீட்டு கராஜில் ஸ்பேனரோடு உட்கார்ந்து பிரித்து மாட்டக்கூடிய கார் என்பதால், மாடிஃபிகேஷன் செய்பவர்களுக்கு இது செல்லப்பிள்ளை. உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

(பக்கவாட்டில் '5.0' என்று பெருமையாக ஒட்டியிருந்தாலும், இன்ஜினின் உண்மையான கொள்ளளவு 4,942 சிசி. கணக்குப்படி பார்த்தால் 4.9தான்!)

ஆனால் இந்த 15 வருட கார்களும் ஒன்றல்ல. 1980, 81-இல் வந்த வி8 வெறும் 4.2 லிட்டர், பவர் 120-ஐக்கூடத் தொடவில்லை. 1982-இல் ஜிடி மாடல் 5.0 இன்ஜினோடு திரும்பி வந்தபோது 157 குதிரைத்திறன். 1985-இல் கார்புரேட்டர் வைத்த மேனுவல் கியர் கார் 210-ஐத் தொட்டது. கார்புரேட்டரை நம்புகிறவர்கள் இன்றும் தேடுவது அந்த 85 மாடலைத்தான்.

1986-இல் கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அந்த ஒரு வருடம் மட்டும் பிஸ்டனின் தலை தட்டையாக இருந்தது; வால்வு இறங்கி வர இடம் விடும் பள்ளம் அதில் இல்லை. வால்வை அதிகம் திறக்கும் கேம்ஷாஃப்ட் போட்டால், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். இன்ஜின் காலி. அதனால் மாடிஃபை செய்பவர்கள் 86-ஐ ஒதுக்கிவிடுகிறார்கள்.

1987-இல் பள்ளம் உள்ள பிஸ்டன், நல்ல சிலிண்டர் ஹெட், புது முகத்தோற்றம் எல்லாம் வந்தன. பவர் 225 ஆனது. அப்படியானால் 87-ஐயே வாங்கலாமே? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

காற்றை ஊகிக்கும் கார், காற்றை அளக்கும் கார்

பெட்ரோல் இன்ஜினில் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போக வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. அந்த அளவை முடிவு செய்வது காரில் இருக்கும் கம்ப்யூட்டர்.

1986 முதல் 1988 வரை வந்த 5.0 கார்களில் இருந்தது 'ஸ்பீட் டென்சிட்டி' முறை. இதில் கம்ப்யூட்டர் காற்றை நேரடியாக அளப்பதில்லை. இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் எவ்வளவு, காற்றின் வெப்பம் எவ்வளவு என்று பார்த்து, 'அப்போ உள்ளே இவ்வளவு காற்று போயிருக்கும்' என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கு, ஃபேக்டரியில் இருந்து வந்த இன்ஜினுக்காக எழுதப்பட்டது.

இன்ஜினை மாற்றாதவரை கணக்கு சரியாக இருக்கும். பெரிய கேம்ஷாஃப்ட் போட்டால் என்ன ஆகும்? வால்வுகள் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். பெரிய கேம் போட்டால், கார் சும்மா நிற்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் குறையும். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. 'டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார் போல' என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். விளைவு: சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கி உறுமும், சில நேரம் நின்றே போகும். பணத்தைக் கொட்டி வாங்கிய பாகம் காரை மோசமாக்கிவிடும்.

1989-இல் ஃபோர்டு எல்லா 5.0 கார்களுக்கும் 'மாஸ் ஏர்' முறையைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் விற்ற கார்களுக்கு மட்டும் இது 1988-லேயே வந்துவிட்டது. ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு சென்சார். அதற்குள் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி இருக்கும். காற்று போகும்போது கம்பி குளிரும். அதைத் திரும்பச் சூடாக வைக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறது என்பதை வைத்து, போகிற காற்றின் நிறை தெரிந்துவிடும். அதாவது ஊகம் கிடையாது, அளவு.

கேம் மாற்றினாலும் சரி, சிலிண்டர் ஹெட் மாற்றினாலும் சரி, எவ்வளவு காற்று வருகிறது என்று கம்ப்யூட்டருக்கு நேரடியாகத் தெரியும். அதற்கேற்ப பெட்ரோலைக் கொடுக்கும். 1989 முதல் மேனுவல் கார்களில் வந்த 'ஏ9எல்' என்ற கம்ப்யூட்டர் பெட்டிக்கு இன்றும் தனி மவுசு இருப்பது இதனால்தான். இதற்கும் எல்லை உண்டு. ஒரிஜினல் சென்சாரின் விட்டம் 55 மில்லிமீட்டர். பவரை நிறைய ஏற்றினால் பெரிய சென்சார் மாட்ட வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பீட் டென்சிட்டி என்பதே மட்டமான முறை இல்லை. இன்றைய ரேஸ் கார் கம்ப்யூட்டர்களிலும் அது இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கணக்கைத் திருத்தி எழுத சாதாரண ஆட்களுக்கு வழி இல்லை என்பதுதான் பிரச்சனை. இன்று லேப்டாப்பில் டியூன் செய்யும் தனி கம்ப்யூட்டர் கிடைக்கிறது. 87, 88 கார்களை மாஸ் ஏருக்கு மாற்றவும் முடியும்: கம்ப்யூட்டர், சென்சார், கொஞ்சம் வயரிங். ஆக, இது முடியாத வேலை இல்லை, கூடுதல் செலவு. 88-ஐக் குறைந்த விலைக்கு வாங்குபவர் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

1993-இல் பவர் குறைந்துவிட்டதா?

1993 மாடலின் பவர் 205 குதிரைத்திறன் என்று ஃபோர்டு அறிவித்தது. 20 குதிரைகள் எங்கே போயின? பெரும்பாலும் பேப்பரில்தான். அளவிடும் விதம் மாறியதும், இடைப்பட்ட வருடங்களில் செய்த சின்னச் சின்ன மாற்றங்களும் அந்த எண்ணில் சேர்ந்துகொண்டன. ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

உண்மையான மாற்றம் உள்ளே இருக்கிறது. 1992 வரை ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்கள். 1993-இல் ஹைப்பர்யூடெக்டிக் எனப்படும் வார்ப்பு பிஸ்டன்கள். அன்றாட ஓட்டத்துக்கு இது போதும். ஆனால் டர்போ, சூப்பர்சார்ஜர் என்று போனால், தவறான டியூனிங்கில் முதலில் உடையக்கூடியது இந்த வார்ப்பு பிஸ்டன்தான். அதனால் மாஸ் ஏரும் வேண்டும், ஃபோர்ஜ் பிஸ்டனும் வேண்டும் என்பவர்களுக்கு 1989 முதல் 1992 வரை என்று வட்டம் சுருங்கிவிடுகிறது. அதில் 1990-இல் டிரைவருக்கு ஏர்பேக் வந்தது. தினமும் ஓட்டப்போகிறவருக்கு அது பெரிய விஷயம்.

பவர் ஏறினால் அடுத்து என்ன உடையும்?

எந்த வருடம் வாங்கினாலும் சில பலவீனங்கள் கூடவே வரும். இன்ஜின் பிளாக் சுமார் 500 குதிரைத்திறன் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் பிளாக்கே இரண்டாகப் பிளக்கும். டி5 கியர்பாக்ஸ் அதற்கு முன்பே கையை விரித்துவிடும். 1986 முதல் 5.0 கார்களில் வந்த 8.8 இன்ச் பின் ஆக்ஸில் மட்டும் நல்ல உறுதி.

பிரேக்தான் பெரிய கவலை. 1993 கோப்ரா தவிர மற்ற 5.0 கார்களில் பின்னால் டிரம் பிரேக், சக்கரத்துக்கு நான்கே போல்ட். பவரை இரண்டு மடங்காக்கி, பிரேக்கை அப்படியே விட்டு ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். பட்ஜெட்டில் முதல் பணம் இங்கேதான் போக வேண்டும். ஆனால் பலர் கடைசியாக யோசிப்பதும் இதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில் 1976-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்கள் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். ஃபாக்ஸ் பாடி மஸ்டாங் எல்லாமே இதற்குள் வந்துவிடும். புகை அளவைப் பாதிக்கும் பாகங்களை மாற்றினால், அவற்றுக்கு மாநில காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். கார் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும், அனுமதி இல்லாத பாகம் கண்ணில் பட்டால் ஃபெயில். மற்ற சில மாநிலங்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை.

வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டேஷ்போர்டில் கண்ணாடி ஓரம் தெரியும் 17 இலக்க அடையாள எண்ணில் 10-வது எழுத்து மாடல் வருடம்: 'ஜே' என்றால் 1988, 'கே' என்றால் 1989, 'என்' என்றால் 1992. எட்டாவது எழுத்து இன்ஜின். 1987 முதல் 93 வரை ஃபேக்டரியிலேயே 5.0 வைத்து வந்த கார் என்றால் (1993 கோப்ரா தவிர) அது 'இ'. வேறு எழுத்து இருந்தால், நான்கு சிலிண்டர் காரில் பின்னாளில் வி8 இறக்கியிருக்கலாம். அந்தக் காரில் பின் ஆக்ஸிலும் சிறியதாகவே இருக்க வாய்ப்புண்டு.

பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பின் சஸ்பென்ஷன் கைகள் பாடியோடு சேரும் 'டார்க் பாக்ஸ்' என்ற இடத்தில் தகடு கிழிந்திருக்கிறதா, தரைத் தகட்டிலும் முன் ஸ்ட்ரட் டவரிலும் துரு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். 30 வருடத்துக்கு மேல் பழசான காரில், முந்தைய ஓனர் எப்படி விரட்டினார் என்ற கதை அங்கேதான் எழுதியிருக்கும். டார்க் பாக்ஸ் கிழிந்த 1989-க்கும், மாஸ் ஏர் மாற்றி அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும் 1988-க்கும் நடுவில் தேர்வு என்றால், 1988-ஐ எடுப்பதுதான் சரி.