கூரையில்லாத காரும் ஒரு சங்கிலியும்

செருப்பு வாங்கும்போது கடையில் தருகிறார்களே, அந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சுற்றிலும் காகிதம் ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் வளைந்து கொடுக்காது. இப்போது மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள். பெட்டி கையில் துவள்கிறது அல்லவா? மோட்டார் காரின் கூரையை எடுத்துவிட்டாலும் இதே கதைதான். கூரை என்பது மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் ஏற்பட்டதன்று. வண்டியின் உடல் முறுங்காமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அப்படியானால் கூரையைத் திறந்து மூடும் கார்களை எப்படிச் செய்கிறார்கள்? மெர்ஸிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் 1971 முதல் 1989 வரை ஜெர்மனியின் ஸிண்டல்ஃபிங்கன் நகரில் தயாரித்த எஸ்.எல். வரிசைக் காரை எடுத்துக்கொள்வோம். '107' என்ற எண்ணால் குறிக்கப்படும் இந்த இருவர் கார் 2,37,287 எண்ணிக்கையில் வெளிவந்தது. கூரை இழந்த பலத்தை அதன் தரைத் தகட்டிலும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்புகளிலும், முன்கண்ணாடித் தூண்களிலும் ஈடுகட்டினார்கள். அதனால்தான் பார்வைக்கு ஒய்யாரமாக இருக்கும் இந்த வண்டி எடையில் ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது.

இன்று இவற்றில் மிக இளைய காருக்கும் வயது முப்பத்தைந்துக்கு மேல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இவற்றை வாங்கி, விடுமுறை நாட்களில் வீட்டுக் கொட்டகையிலேயே தம் கையால் பழுது பார்க்கிறார்கள். உங்களிடமும் அப்படி ஒன்று, 1982ஆம் ஆண்டின் '380 எஸ்.எல்.', இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பளபளக்கும் வண்ணத்தையா? வேண்டாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று உட்புகும் இடத்தில், மழைநீர் வடிவதற்குத் துளைகள் உண்டு. உதிர்ந்த இலைகளும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் தேங்கி, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டை அரித்து, காலடிக்கு வந்து சேரும். இரு தகடுகள் ஒட்டிய இடுக்கில் புகுந்த நீர் நுண்புழை விசையால் அங்கேயே பிடித்து வைக்கப்படுகிறது. வெயில் அதை எளிதில் உலர்த்தாது. இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் கூடினால் துரு என்பது நீங்கள் அறிந்ததே. சாதாரணக் காரில் தரை துருப்பிடித்தாலும் கூரை ஓரளவு தாங்கும். இங்கே தாங்குவதே தரைதானே! ஆகவே திருப்புளியால் அழுத்திப் பார்த்துத் தகடு உட்குழிந்தால் அதை அழகுக் குறை என்று எண்ணி விட்டுவிடலாகாது. அடைப்பை எடுக்கச் சிறு கம்பி ஒன்று போதும். அதைச் செய்யாததற்குக் கொடுக்கும் விலையோ பெரிது.

அடுத்தது எஞ்சின். இதில்தான் இந்தக் காரின் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது.

எட்டு சிலிண்டர்கள் 'வி' வடிவில் இரு வரிசையாக நிற்கும் எஞ்சின் இது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று. கீழேயுள்ள கிராங்க் தண்டிலிருந்து ஒரே நீண்ட சங்கிலி இரண்டையும் சுழற்றுகிறது. இதுதான் டைமிங் செயின். கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது! பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகியிருக்க வேண்டும்.

1981 முதல் 1983 வரை அமெரிக்காவுக்குச் சென்ற 380 எஸ்.எல். கார்களில், முந்தைய எஞ்சின்களிலிருந்த இரட்டை வரிசைச் சங்கிலிக்குப் பதில் ஒற்றை வரிசைச் சங்கிலியைப் போட்டார்கள். விசை அதே அளவு; தாங்கும் பரப்போ பாதி. எனவே ஊசிகளின் மேல் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கு. சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, மூட்டுகள் தேய்கின்றன. நூறு மூட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் சங்கிலி முழுவதும் 1 மி.மீ. கூடிவிடும். அந்தத் தொய்வு, வெந்த எண்ணெயில் பல ஆண்டு ஊறி நொறுங்கத் தயாராகிவிட்ட பிளாஸ்டிக் வழிகாட்டிகளை அடிக்கிறது. ஒரு துண்டு உடைந்து பல்சக்கரத்தில் சிக்கினால் சங்கிலி பல் தாண்டும். பிஸ்டன் வால்வை மோதி வளைக்கும். பழுதுச் செலவு சில சமயம் காரின் விலையையே மிஞ்சிவிடும். நிறுவனமும் பிறகு இரட்டைச் சங்கிலிக்கே திரும்பியது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மேல் மூடிகளைத் திறந்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். கேம் தண்டின் குறி அதன் தாங்கியிலுள்ள குறியோடு நேர்ப்படும்போது நிறுத்தி, முன்னாலுள்ள கிராங்க் சக்கரத்தில் எத்தனை பாகை என்று படியுங்கள். புதுச் சங்கிலியானால் சுழிக்கு அருகில் நிற்கும். தேய்ந்ததானால் பல பாகை பிசகும். தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே சுற்றி வாருங்கள்.

புதுச் சங்கிலி மாட்ட எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய சங்கிலியின் ஓர் ஊசியைத் தேய்த்து எடுத்து, புதியதன் முனையை அதில் கோத்து, ஒருவர் கிராங்கைத் திருப்ப மற்றவர் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்து உள்ளே விடுவார். பாவாடை நாடா கோப்பது போலத்தான்! முனை நழுவி உள்ளே விழுந்தால் விடுமுறை போயிற்று. ஆனால் ஒற்றை வரிசையை இரட்டையாக்குவதென்றால் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். அது கைதேர்ந்தவர்களின் வேலை. முதல் முயற்சியிலேயே இறங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பிரேக் ஆயிலையும் மறக்கலாகாது. வண்டி ஓடாமல் நின்றாலும் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும். 'டாட் 4' வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரி வரை தாங்கினால் போதும் என்பதே விதி. மலைச்சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடலாம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. எனவே மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வண்ணத்தின் மேல் சிந்தினால் உடனே நீரால் கழுவுங்கள்; வண்ணத்தைக் கரைத்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் துணிக்கூரையை மடக்க ஆசை பிறக்கும். சற்றுப் பொறுங்கள். அதன் பின்புறச் சன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது. அதை வளையச் செய்யும் பொருள் ஆண்டுகள் போகப்போகக் குறைகிறது; குளிர்ந்த காலையில் மடக்கினால் குறுக்கே பிளந்துவிடும். கால் மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். சன்னல் கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றியதும், நடுவில் ஒரு பழைய போர்வையை மடித்து வைத்து, மெல்ல மடக்குங்கள்.