அண்ணன் கேட்ட பீரில் மீன்

பிரிஞ்சாங்கில் உறவினர் வீட்டுத் திருமணம். மறுநாள் இரவு குளிருக்கு ஒதுங்கி ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். என் சித்தப்பா மகன் சுத்த சைவம். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி தட்டுப்பட்டதும் தட்டையே திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு பீர் கேட்டார்.

"அண்ணே, அதிலயும் மீன் இருக்கலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. பீர் கலங்கலாக இருக்கக் காரணம் அதில் மிதக்கும் ஈஸ்ட். அதை அடியில் படியவைக்க, மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் ஒருவகைப் பசையைச் சில ஆலைகள் சேர்க்கின்றன. பசை ஈஸ்டை இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். ஆனாலும் துளியளவு மிஞ்சலாம்.

1759-இல் டப்ளினில் தொடங்கிய கின்னஸும் இப்படித்தான் தெளியவைத்தது. சைவர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015 நவம்பரில், புதிய வடிகட்டும் முறைக்கு மாறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. முதலில் பீப்பாய், பிறகு பாட்டில், டின் என்று மீன் பசை விலகியது. ஆனால் அது டப்ளின் ஆலையின் கதை. நம் கையில் இருக்கும் பாட்டில் எந்த ஆலையில் தயாரானதோ, அந்த ஆலையைத்தான் கேட்க வேண்டும்.

லேபிளைப் பார்த்தால் போதாதா? போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன் ஒவ்வாமைக்கான எச்சரிக்கை கட்டாயம். ஆனால் பீரையும் ஒயினையும் தெளியவைக்கும் மீன் பசைக்கு விலக்கு உண்டு. ஆகவே கேட்டால்தான் தெரியும்.

நானும் கேட்டேன். இரண்டு மதுபான நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒன்றிலிருந்து "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று மட்டும் வந்தது. மற்றொன்று இரண்டே நாளில், எந்தெந்த பீரில் விலங்குப் பொருள் இல்லை, எதில் உண்டு என்று பெயர் பெயராக எழுதியிருந்தது. 'உண்டு' என்றும் ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வானொலியில் நேயரின் கேள்விக்கு மழுப்பினால் மறுநாள் அவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். வாடிக்கையாளரும் அப்படித்தான்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியால் சிதைந்த தோட்டக் குடும்பங்களை நாம் அறிவோம். குடிக்காத வீட்டிலும் இதே கேள்வி இருக்கிறது. பிள்ளைகள் தின்னும் ஜெல்லி மிட்டாயில் உள்ள ஜெலட்டின் மாட்டிலிருந்து வந்திருக்கலாம். ஹலால் முத்திரை இருப்பதால் அது சைவம் ஆகிவிடாது. 120 என்ற எண் கொண்ட சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து எடுப்பது. தைப்பூச விரதத்தில் ரோஜா நிறத் தயிர் வாங்கும்போது அந்த எண்ணையும் பாருங்கள். புரியாவிட்டால் பொட்டலத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

வந்த பதிலை அண்ணனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார்.

"பீர் கிடக்கட்டும் தங்கச்சி. அந்தத் தயிர் கம்பெனிக்கு எப்ப எழுதப் போற?"